தகரம் மூடிய கிணறு

இருங்கோ பிள்ளை, இருங்கோ. யன்னல் பக்கம் நீங்கள் இருங்கோ, நான் இந்தக் கரையில இருக்கிறன். எனக்கு ஒரு முழங்கால் மடங்காது, வழியில நீட்டித்தான் வைக்கோணும். அந்தப் பையை மட்டும் மிதிச்சுப் போடாதேங்கோ. அதுக்குள்ள ஒரு சாமான் கிடக்கு. பிறகு சொல்லுறன்.

கண்டனீங்களே அந்தக் கொண்டக்டரை? உங்களுக்கு முன்னால ஏறின பெட்டையைக் கையைப் பிடிச்சு இழுத்து ஏத்திறான். அதுக்குத்தான் நான் சத்தம் போட்டனான். "தம்பி, கம்பி இருக்குத்தானே, அவ கம்பியைப் பிடிச்சு ஏறுவா" எண்டு. அவன் பல்லைக் காட்டுறான். "பஸ் வெளிக்கிட்டிட்டுது ஐயா, விழுந்தால் ஆர் பாக்கிறது?" எண்டுறான். விழுந்தால் விழட்டுமன்! விழுந்த காயம் மாறும். அந்நியன் பிடிச்ச கை... சரி விடுங்கோ. நீங்கள் படிச்ச பிள்ளை மாதிரி இருக்கு, உங்களுக்கு விளங்கும்.

எங்க போறியள்? திருகோணமலைக்கோ? தனியவோ? ம். நானும் அங்கதான். கச்சேரிக்கு. அரசாங்க அதிபரின்ர அலுவலகத்தில பத்தரைக்கு விசாரணை.

ஒரு மனுசி வந்து நிக்கிறா பிள்ளை, தான் என்ர தங்கச்சி எண்டு. என்ர தங்கச்சி செத்து முப்பத்தாறு வருசம். மரணச் சான்றிதழ் இருக்கு, நான்தான் கையெழுத்து வைச்சு எடுத்தது. இப்ப அதை இல்லாமல் பண்ணோணுமாம். இவ உயிரோட இருக்கிறா எண்டு புதுசா எழுதோணுமாம். அதுக்கு நான் போய் "ஓம், இவதான்" எண்டு சொல்லோணுமாம். தாய் தகப்பன் இல்லை, வேற சகோதரம் இல்லை. உரித்துக்காரன் எண்டு மிச்சம் நான் ஒருத்தன். நான் சொன்னால் அவ ஆள். சொல்லாட்டி அவ ஆளில்லை.

சொல்லுவியளோ எண்டு கேக்கிறியள். முதல் கதையைக் கேளுங்கோ.

கொண்டல்குளம் எண்டு கேள்விப்பட்டிருப்பியளே? இல்லையோ? என்ன பிள்ளை, தமிழ்ப் பிள்ளை எண்டுறியள், கொண்டல்குளத்துத் தவமலரைத் தெரியாதெண்டுறியள்! சந்தியில இறங்கி ஆரைக் கேட்டாலும் சிலையைக் காட்டுவினம். கலியாணம் சரிவந்த பெட்டையள் அதுக்கு முதல் வெள்ளிக்கிழமை வந்து, சிலையின்ர மணிக்கட்டில மஞ்சள் நூல் கட்டி, கிணத்தை மூண்டு தரம் சுத்திப் போட்டுத்தான் போவினம். முல்லைத்தீவில இருந்தும் வந்திருக்கினம். அந்தக் கிணத்துக்குள்ளதான் என்ர தங்கச்சி மானத்துக்காக விழுந்தவள். வாசிகசாலைக்கும் அவளின்ர பேர்தான். தலைவர் நான். தவமலரின்ர தமையன் வாறார் எண்டால் தேத்தண்ணிக் கடையில கதிரையைத் துடைச்சுத் தருவாங்கள். தந்தாங்கள். போன தை மாசம் வரைக்கும்.

சிலை செய்ய வந்தவன் யாழ்ப்பாணத்து ஆள். அரைக்கைச் சட்டை வைச்சுச் செய்யப் பாத்தான். முழுக்கை வைக்கச் சொன்னன். "அந்தக் காலத்தில பெட்டையள் முழுக்கை போடுறேல்லையே ஐயா" எண்டான். "என்ர தங்கச்சி போடுவாள்" எண்டன். போட்டவள்தான், கடைசி ஒரு வருசம். அது வேற கதை.

நடந்தது எண்பதுகளில. ஆவணி மாசம். மழை கண்டு நாலு மாசம், குளம் வெடிச்சுப் போய்க் கிடக்கு. றோட்டில ஆறாம் மைல் கட்டையில சிங்கள ஆக்களின்ர குடியேற்றக் கொலனி. அதுவரைக்கும் எங்கட மாட்டை அவை பாப்பினம், அவையின்ர நெல்லை நாங்கள் குத்திக் குடுப்பம். பேந்து எங்கேயோ குண்டு வெடிச்சுது, எங்கேயோ ஆரையோ ஆரோ வெட்டிப் போட்டினம். கொலனிக்காரர் கத்தி தீட்டுறாங்கள், இண்டைக்கு வருவாங்கள் எண்டு கதை வந்திட்டுது.

சனம் எல்லாம் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வெளிக்கிட்டுது. கோயிலடியில உழவு மெசின் ஒண்டு நிக்கிது, பின்பெட்டி நிறையப் பொம்பிளையளும் பிள்ளையளும். தவமலரும் உடுப்பு மூட்டையோட ஏறப் போனவள். நான்தான் மறிச்சனான். ஏன் மறிச்சனீங்கள் எண்டு இப்ப எல்லாரும் கேக்கினம், நீங்களும் அப்பிடித்தான் பாக்கிறியள். பிள்ளை, அந்த மெசினை ஓட்டினது ஆர் தெரியுமே? கூட்டுறவுச் சங்கக்கடைப் பொடியன். அவனோட சிரிச்சுக் கதைச்சவள் எண்டு முதலே ஒரு பிரச்சினை. பத்தொன்பது வயசுக் குமர். பள்ளிக்கூடத்தில ஆம்பிளை பொம்பிளை எல்லாம் ஒரே மண்டபத்தில படுக்கை. அம்மா செத்த பிறகு அவளுக்குத் தாயும் நான், தகப்பனும் நான். நாளைக்கு ஊர் ஆரைக் கேக்கும்? என்னைத்தானே?

"நீ வீட்டில இரு" எண்டன்.

"எல்லாரும் போகினம் அண்ணை" எண்டாள்.

"எல்லாரும் போனால் நீயும் போவியோ?" எண்டன்.

வீட்டை கூட்டிக்கொண்டு வந்து, வளவுக் கிணத்தைக் காட்டினன். முப்பதடிக் கிணறு. "அவங்கள் வாசல் படலையைத் தொட்டால் யோசிக்காதை. எங்கட மானம் உன்ர கையில கிடக்கு" எண்டன். தலையாட்டினாள். அவளாத்தான் தலையாட்டினாள் பிள்ளை. நான் தள்ளேல்லை.

நானோ? நான் காட்டுக்குள்ள. பள்ளிக்கூடத்துக்குப் போகாத ஆம்பிளையள் அவ்வளவும் காட்டுக்குள்ளதான். ஆம்பிளையளைக் கண்டால் வெட்டிப் போடுவாங்கள். பொம்பிளையளை வெட்ட மாட்டாங்கள்தானே. ஏன் அப்பிடிப் பாக்கிறியள்? அவளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே எண்டோ? நல்லாக் கேட்டியள்! பதினேழு ஆம்பிளையளுக்கு நடுவில ஒரு குமரைக் கொண்டுபோய் இருத்தவோ?

அடுத்த நாள் விடிய வந்து பாத்தம். ஆறு வீடு எரிஞ்சு போய்க் கிடக்கு. எங்கட வீட்டுப் படலை உடைஞ்சு கிடக்கு. கிணத்துக் கட்டில அவளின்ர தாவணி. கீழ ஒரு செருப்பு. நீலச் செருப்பு, இடக்கால். அதுதான் பிள்ளை அந்தப் பைக்குள்ள. கண்ணாடிப் பெட்டியில வைச்சு முப்பத்தாறு வருசம் விளக்கு வைச்ச செருப்பு. இண்டைக்கு விசாரணையில காட்டப் போறன்.

நாகராசா எண்டு ஒருத்தன், ஊரில கிணறுகளுக்குச் சேறு எடுக்கிறவன். கயிறை இடுப்பில கட்டிப் போட்டு இறங்கப் போறான். "நில்லடா" எண்டன். "நனைஞ்ச உடுப்போட அவளைத் தூக்கிக்கொண்டு வருவாய், சுத்தி நிக்கிற இவ்வளவு ஆம்பிளையளும் பாப்பாங்கள். உயிரோட இருக்கேக்க ஒருத்தனும் பாக்காத உடம்பு. செத்த பிறகும் ஒருத்தனும் பாக்கக் கூடாது" எண்டன். நாகராசா நிண்ட நிலையில அழுது போட்டான். அவன்ர இடுப்புக் கயிறைக் கழட்டிக் கையில குடுத்து, எல்லாரையும் படலைக்கு வெளியில போகச் சொல்லிப் போட்டு, குசினிக் கூரைத் தகரம் ரெண்டைக் கொண்டுவந்து நான் தனியத்தான் மூடினன். மேல நாலு கல்லு. ஊரில இண்டைக்கும் சொல்லுவினம், இப்பிடி ஒரு தமையன் ஆருக்குக் கிடைப்பான் எண்டு.

உள்ள எட்டிப் பாத்தனீங்களோ எண்டோ? பாத்தன். இருட்டு.

மிச்ச ஆக்கள் பள்ளிக்கூடத்துக்குப் போக, அண்டைக்கு ஊரில மிஞ்சி நிண்டது ஏழெட்டுப் பேர். பக்கத்து வளவுப் பாக்கியம் மாமி, காது மந்தமான மனுசி, அவ வந்து "தம்பி, கிணத்துப் பக்கம் ஏதோ முனகிற மாதிரிக் கிடக்கு" எண்டா. "தவளை மாமி" எண்டன். "இந்த வரட்சியில என்ன தவளையடா?" எண்டா. "வரட்சியெண்டால் தவளை பின்னை எங்க போகும், கிணத்துக்குள்ளதானே" எண்டன். அடுத்த நாள் பின்னேரம் எல்லாரும் அகதி முகாமுக்கு வெளிக்கிட்டம். அவ்வளவுதான் நடந்தது.

முகாமில ஒரு மர வாங்கில ஏறி நிண்டு இந்தச் செருப்பைத் தூக்கிக் காட்டினன். எனக்கு அதுதான் முதல் மேடை. அதுக்கு முதல் நாலு பேருக்கு முன்னால வாய் திறந்தறியன். "அந்நியன்ர விரல் படமுதல் கிணத்தில விழுந்தாள் என்ர தங்கச்சி" எண்டு சொல்லித்தான் தொடங்கினன். மிச்சம் என்ன சொன்னன் எண்டு ஞாபகமில்லை. "இந்த முகாமில ஆம்பிளையள் இருக்கிறியளோ?" எண்டு கேட்டனானாம். கேட்டிருப்பன். ஒன்பது பொடியள் அண்டைக்கே எழும்பிப் போனாங்கள். மூண்டாம் கிழமை ஆறாம் கட்டைக் கொலனி எரிஞ்சுது. "தவமலர்! தவமலர்!" எண்டு கத்திக்கொண்டுதான் உள்ளிட்டவங்களாம். கேள்விப்பட்டு எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது பிள்ளை. பூனைக்குட்டி மாதிரி வீட்டுக்குள்ள கிடந்த பெட்டையின்ர பேர், பாருங்கோ, எங்க போய் நிக்கிது எண்டு.

பிறகு சண்டை, இடம்பெயர்வு, திரும்பி வந்தது, திரும்பப் போனது. எல்லாம் முடிஞ்சு ஊருக்கு வந்து முதல் செய்த வேலை, கிணத்துக்குக் கொங்கிறீற் போட்டு மூடிச் சிலை வைச்சதுதான். வரேக்க பழைய தகரம் ரெண்டும் இல்லை. கல்லு நாலும் தள்ளிக் கிடந்தது. களவெடுத்திட்டாங்கள் எண்டு விட்டிட்டன்.

இப்ப இவ வந்த கதை.

போன தை மாசம். நான் சிலைக்கு மஞ்சள் தண்ணி ஊத்திக் கழுவிக்கொண்டு நிக்கிறன். ஓட்டோ ஒண்டு வந்து நிண்டுது. ஒரு மனுசி இறங்கினா. தடிச்ச உடம்பு, கண்ணாடி, தலை முழுக்க நரை, ஒரு காலை இழுத்து இழுத்து நடை. பின்னால ஒரு இளம் பொம்பிளை, முப்பத்தாறு முப்பத்தேழு வரும். மனுசி வந்து சிலையை மேலயிருந்து கீழ வரைக்கும் பாத்தா. "இவ ஆர்?" எண்டா. "தெய்வம். செருப்பைக் கழட்டுங்கோ" எண்டன். கழட்டிப் போட்டு, கல்லில எழுதியிருக்கிறதை எழுத்துக் கூட்டி வாசிச்சா. வாசிச்சு முடிச்சுப் போட்டு ஒரு சிரிப்பு.

"அண்ணை, என்னை நல்ல வடிவாச் செய்து வைச்சிருக்கிறாய்" எண்டா.

குரல் பிள்ளை. உடம்பு முழுக்க மாறியிருக்கு, குரல் மாறேல்லை.

அப்ப அவ உங்கட தங்கச்சிதானே எண்டு கேக்கிறியள். அவ இல்லையெண்டு நான் எங்க சொன்னனான்? எனக்குத் தெரியாதெண்டு நான் ஒருக்காலும் சொல்லேல்லை. தெரியிறது ஒண்டு, கச்சேரியில சொல்லுறது ஒண்டு.

முந்தி "நீங்கள்" எண்டு கதைச்சவள், இப்ப "நீ" எண்டுறா. அதை விடுங்கோ. தெய்வத்துக்கு நீரிழிவாம்! மூண்டு நேரம் குளிசை. முன்பல்லு ரெண்டு இல்லை. வீட்டை கூட்டிக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை, என்ர மனுசிதான் "வாங்கோ மச்சாள்" எண்டு இழுத்துக்கொண்டு போனவ. நண்டுக் கறி வைச்சு இலை போட்டுச் சாப்பாடு. நான் கத்தினன். என்ர மனுசி என்ன சொன்னவ தெரியுமோ? "இவ்வளவு வருசமா அந்தக் கல்லுக்குப் பொங்கிப் படைச்சன், ஒரு பருக்கை குறைஞ்சு நான் காணேல்லை. இவ ரெண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிடுறா. எனக்கு இந்தத் தெய்வம் காணும்" எண்டா. என்ர வீட்டுக்குள்ளயே எனக்கு இந்த நிலைமை.

வந்தவ சொல்லுறதைக் கேளுங்கோ. படலை உடைபட, ஓடிப் போய்க் குதிச்சவவாம். உள்ள தண்ணி முழங்காலளவும் இல்லையாம். கால் முறிஞ்சு மயங்கிக் கிடந்தவவாம். "நீ சொன்னபடி குதிச்சனான் அண்ணை. தண்ணி இல்லாததுக்கு நான் என்ன செய்ய?" எண்டு என்னைப் பாத்துக் கேக்கிறா! வெளிச்சம் போய், வந்து, பேந்தும் போய்... எத்தினை நாள் எண்டு அவவுக்கே தெரியேல்லை. அப்பதான் மேல தகரம் அரக்கிற சத்தம் கேட்டதாம்.

அதுதான் பிள்ளை அவங்கட புத்தி! ஆளில்லாத ஊருக்குள்ள களவெடுக்க வந்தவன். ஜினதாச எண்டு பேராம், ஆறாம் கட்டை ஆள். ஓடு கழட்டி, கதவு கழட்டி, கடைசியில கிணறு மூடின தகரத்தையும் விடேல்லை. செத்த ஆளை மூடின தகரத்தை ஒரு மனுசன் எடுப்பானோ? இழுத்துப் போட்டுக் குனிஞ்சு பாத்திருக்கிறான், உள்ள ரெண்டு கண். பேயெண்டு கத்திக்கொண்டு படலைவரைக்கும் ஓடினவனாம். பேந்து திரும்பி வந்து கயிறு விட்டிருக்கிறான். இவவுக்குப் பிடிச்சு ஏற ஏலேல்லை. தானே இறங்கித் தோளில போட்டுக்கொண்டு ஏறினவனாம்.

தோளில!

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டனான். ஒரு தமையன் கேக்கவேண்டிய கேள்வி. "அவன் உன்னைத் தொட்டவனோ?" எண்டு.

"தொடாமல் எப்பிடி அண்ணை கிணத்தால தூக்கிறது?" எண்டா.

என்ன கேள்விக்கு என்ன மறுமொழி பாருங்கோ!

அவன் வீட்டை கொண்டு போயிருக்கிறான். பெண்சாதி சீலாவதி எண்டு. காலுக்குப் பத்துப் போட்டுக் கட்டி, அயலுக்குத் தெரியாமல் நெல்லு அறைக்குள்ள படுக்க வைச்சு, ஆரும் கேட்டால் தன்ர ஊர்ச் சொந்தம், மல்காந்தி எண்டு பேர் எண்டு சொல்லிச் சமாளிச்சவவாம். மடியில நாலு மாசக் குழந்தை வேற. கால் மாறினதும் முகாமில கொண்டுவந்து விடுறதெண்டு கதையாம். கால் மாறமுதல் எங்கட பொடியள் போயிட்டாங்கள்.

"வெளியில என்ர பேரைச் சொல்லிக் கத்திறாங்கள் அண்ணை" எண்டா. "முதல் எனக்குச் சந்தோசம். தேடி வந்திட்டாங்கள், வீட்டை கூட்டிக்கொண்டு போகப் போறாங்கள் எண்டு நினைச்சு எழும்பப் பாத்தனான். சீலாவதி அக்கா குழந்தையை என்ர கையில தந்து, கதவை வெளியால பூட்டிப் போட்டுப் போனவ" எண்டா.

பேந்து சீலாவதி கத்தின சத்தம் கேட்டதாம். அந்த மனுசியை... பிள்ளை, அதை நான் உங்களுக்குச் சொல்லேலாது, நீங்கள் பொம்பிளைப்பிள்ளை. ஒவ்வொருத்தனும் "இது தவமலருக்கு" எண்டு சொல்லிச் சொல்லித்தானாம். ஜினதாச வயலில நிண்டவன். அவன் வந்து சேர, மனுசி செத்துப் போச்சாம்.

இவ இதைச் சொல்லி முடிக்க என்ர மனுசி முந்தானையால வாயைப் பொத்திக்கொண்டு இருந்தா. நான்தான் கேட்டனான். "நீ ஏன் கதவைத் தட்டி, நான்தான் தவமலர், உயிரோட இருக்கிறன் எண்டு சொல்லேல்லை?" சொல்லியிருந்தால் நிப்பாட்டியிருப்பாங்கள்தானே?

"குழந்தையின்ர வாயைப் பொத்திக்கொண்டு இருந்தன் அண்ணை" எண்டா. "ரெண்டு பேரின்ர குரல் எனக்குத் தெரியும். ஒருத்தன் வாசிகசாலையில எனக்குப் புத்தகம் எடுத்துத் தாறவன். கதவைத் திறந்து என்னைக் கண்டால் என்ன செய்வாங்கள் எண்டு எனக்குத் தெரியேல்லை. உனக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரியுமோவாம்!

நீங்கள் சொல்லுங்கோ பிள்ளை, நியாயத்தைச் சொல்லுங்கோ. பிழை ஆரில? இவ அண்டைக்குச் செத்திருந்தால் அந்தப் பொம்பிளைக்கு நடந்ததுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். இப்ப என்ன காரணம் இருக்கு? சும்மா ஒரு பொம்பிளைக்குச் சும்மா நடந்ததா ஆகிப் போச்சு. போன ஒன்பது பொடியளில ஏழு பேர் திரும்பி வரேல்லை. வருசா வருசம் அவங்கட தாய்மார் வந்து சிலைக்கு முன்னால விளக்கேத்திறவை. அவைக்கு நான் என்ன சொல்ல? உங்கட பிள்ளையள் ஆருக்காகச் செத்தாங்களோ அவ குருநாகலில ஓட்டுத் தொழிற்சாலையில வேலை செய்து, சம்பளம் எடுத்து, சந்தையில மீன் வாங்கித் திண்டுகொண்டு இருந்தவ எண்டோ? ஒரு வார்த்தை முதலே வந்து சொல்லியிருந்தால் நான் இந்தச் சிலையை வைச்சிருப்பனோ?

கூட வந்த இளம் பொம்பிளை ஆர் எண்டு நினைக்கிறியள்? அந்தக் குழந்தைதான். நிலந்தி எண்டு பேர். கொலனி எரிஞ்ச பிறகு ஜினதாச குழந்தையையும் இவவையும் கூட்டிக்கொண்டு குருநாகலுக்குப் போனவனாம். இவதான் வளத்தது. ஜினதாசவோட நீ என்ன முறையில இருந்தனி எண்டு கேட்டன். "அவர் சமைப்பார், நான் வேலைக்குப் போவன், பிள்ளை பள்ளிக்கூடம் போகும்" எண்டா. இதுவோ முறை?

அந்த நிலந்தி என்னை "மாமா" எண்டுது. அரைகுறைத் தமிழ். "மாமா, கால் நோகுதா?" எண்டு கேட்டு, தைலப் போத்தலைக் கொண்டுவந்து முழங்காலில பூசக் குனிஞ்சுது. காலை இழுத்துப் போட்டன். பேந்து தங்கச்சியைத் தனியக் கூப்பிட்டு, "உவளுக்குத் தெரியுமோ, தாயை ஆர்..." எண்டு கேட்டன். "எல்லாம் தெரியும். நீ வாங்கில ஏறி நிண்டு கேட்டதும் தெரியும்" எண்டா. தெரிஞ்சுகொண்டுதான் மாமா எண்டுதாம். இப்பிடியும் ஒரு பழிவாங்கலோ பிள்ளை? நாலு நாள் எனக்குச் சோறு இறங்கேல்லை.

போன வருசம் ஜினதாச செத்துப் போனான். அதுக்குப் பிறகுதான் இவவுக்கு இந்தப் பேர் ஆசை. மல்காந்தி எண்டு இவ்வளவு காலம் இருந்திட்டுப் போகேலாதோ? சாகேக்க தவமலரா சாகோணுமாம். நான் தன்மையாச் சொல்லிப் பாத்தன். "வா, இரு, சாப்பிடு. தூரத்துச் சொந்தம் எண்டு ஊருக்குச் சொல்லுறன்" எண்டன். "நான் ஆர் எண்டு எனக்குத் தெரியும் அண்ணை. நீ அதைக் கச்சேரியில ஒருக்காச் சொல்லு, காணும்" எண்டா.

ஊர்ப் பொம்பிளையள் எல்லாம் இப்ப அவ பக்கம். போன வெள்ளிக்கிழமை ஒரு பெட்டை நூலோட சிலையடிக்கு வராமல் நேர எங்கட வீட்டை வந்து, இவவின்ர கையைப் பிடிச்சுக் கட்டப் பாத்தாள். இவ விடேல்லை. "நூலை விடு மோனை. போற வீட்டில ஏணி ஒண்டு இருக்கோ எண்டு பாத்துக்கொள்" எண்டு சொல்லி அனுப்பினவ. அடுப்படி முழுக்கச் சிரிப்பு. என்ர மனுசியும் சிரிக்கிறா!

இண்டைக்கு என்ன சொல்லப் போறன் எண்டு சொல்லுறன். கச்சேரியில இருந்து வந்த கடிதத்தில ஒரு கேள்வி: உடம்பில அடையாளம் ஏதும் உண்டோ எண்டு. இவ தன்ர மனுவில எழுதிக் குடுத்திருக்கிறா. இடது கை, முழங்கைக்குக் கீழ, மூண்டு விரல் அகலத்தில சூட்டுத் தழும்பு எண்டு. எப்பிடி வந்தது எண்டும் எழுதியிருக்கிறா. என்ர பேர் போட்டு!

அந்தச் சங்கக்கடைப் பொடியனோட சிரிச்சவள் எண்டு சொன்னனான்தானே. சீனி வாங்கப் போன இடத்தில. வந்த உடன அகப்பைக் காம்பை அடுப்பில வைச்சு... அது பாசத்தில வைச்சது பிள்ளை. தாயில்லாப் பிள்ளை, நாலு பேர் கதைக்கக் கூடாதெண்டு வைச்சது. அவளும் அழுது போட்டு அண்டைக்கே எனக்குச் சோறு போட்டுத் தந்தவள். அதைக் கொண்டுபோய் அரசாங்கக் கடுதாசியில எழுதலாமோ? "அவங்கள் என்ர உடம்பில ஒரு தழும்பும் வைக்கேல்லை, இருக்கிறது இது ஒண்டுதான்" எண்டு எழுதியிருக்கிறா. எங்கட கிராம அலுவலர், விதானையார், அதைச் சத்தமா வாசிச்சுக் காட்டினவர். எனக்கு முகம் எரிஞ்சுது.

கேக்கட்டும். என்ர தங்கச்சியின்ர உடம்பில ஒரு தழும்பும் இல்லை எண்டு சொல்லுவன். சத்தியம் பண்ணியும் சொல்லுவன். நம்பாட்டி வந்து சிலையைப் பாக்கட்டும், அதில இருக்கோ எண்டு!

என்ன பிள்ளை, எழும்பிறியள்? நீங்களும் இங்கதானோ இறக்கம்? ...என்ன கேட்டனீங்கள்?

தவளையோ? அது இப்ப என்னத்துக்கு?

என்னெண்டு கத்தினது எண்டோ?

"அண்ணை, கயிறு போடுங்கோ" எண்டு.

இல்லை. பொறுங்கோ. நான் கேக்கேல்லை. பாக்கியம் மாமி சொன்னவ. ஓம், காது மந்தம்தான் மாமிக்கு, அதுக்கென்ன? அவ இப்ப உயிரோட இல்லை, வந்து சொல்லவும் மாட்டா. ரெண்டாவது தகரம் வைக்கேக்க காத்து வேற, படலைக்கு வெளியில ஆக்கள் அழுதுகொண்டு நிண்டவை, கிணத்துக்குள்ள எந்தச் சத்தமும் ஒரு மாதிரித்தான் எழும்பும்... நான் அப்ப சொல்லி முடிச்சிட்டன் பிள்ளை. செத்திட்டாள் எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லி முடிச்சிட்டன். நாகராசா அழுதிட்டான். சொல்லி முடிச்ச பிறகு எப்பிடிப் போய்...

கச்சேரியடி வந்திட்டுது. தம்பி, நிப்பாட்டு! இறக்கம் இருக்கு!

நீங்கள் முதல் இறங்கிட்டியளோ, நல்லதாப் போச்சு. பையை நானே வைச்சிருக்கிறன். படி சரியான உயரமாக் கிடக்கு, முழங்கால் மடங்குதில்லை. கம்பி எட்டாது பிள்ளை. ஒருக்காக் கையைத் தாங்கோ. பஸ் அசையிது. கையைத் தாங்கோ எண்டுறன். ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?

பிள்ளை! கையைத் தாங்கோவன்.